முதல் பெஞ்சுக்காரி

ஞாயிற்றுக்கிழமை காலையில், வியாபாரம் சூடு பிடிக்கிற நேரமாகப் பார்த்து ஷட்டரை இறக்குகிற கறிக்கடை பெங்களூரில் அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். தொம்மலூர் பழைய ஊருக்குள், ஓர் ஆட்டோ நுழைந்தால் இன்னொன்று பின்வாங்க வேண்டிய சந்தில், பன்றிக்கறிக் கடை. அக்காதான் முதலாளி, வெட்டுகிறவர், கழுவி விடுகிறவர், எல்லாம். வேலை கிடைத்து ராணிப்பேட்டையிலிருந்து வந்த நான் கடைக்கு மேலிருந்த ஒற்றை அறையில் சில வருடங்கள் வாடகைக்கு இருந்தேன். கீழே கறிக்கட்டையில் கத்தி விழும் சத்தத்தில்தான் எனக்குத் தினமும் விழிப்பு வரும்.

சர்ச் ஆராதனைக்கு அரைமணி நேரம் இருக்கும்போது அக்கா கத்தியைக் கழுவி வைத்துவிடுவார். வரிசையில் நிற்கிறவர்கள் கெஞ்சுவார்கள்.

"எனக்கு மட்டும் ஒரு கிலோ போட்டுட்டுப் போங்கக்கா. வீட்டுக்கு ஆள் வர்றாங்க."

"பதினொண்ணுக்கு வா."

"அவ்ளோ நேரம் ஆகாதுக்கா."

"அப்போ கத்திரிக்கா வாங்கிக்கினு போ."

எலுமிச்சைத் தோலால் கையைத் தேய்த்துக் கழுவி, சேலை மாற்றி, கோயிலுக்கு நடந்தே போவார். போய் உட்காருவது முதல் பெஞ்சில், நடுவழியை ஒட்டிய ஓரத்தில். அந்தக் கோயிலில் கீபோர்டு வாசித்தவன் என்பதால் வாரம் தவறாமல் அவர் முகத்தை எதிரில் பார்த்திருக்கிறேன். பாட்டு ஆரம்பித்தால் அவர் குரல் சபையையே இழுத்துக்கொண்டு முன்னால் ஓடும். பாடகர் குழு தன் வேகத்தில் போக முடியாது. நானும் அவருக்கேற்ப வாசித்துவிட்டுப் போவேன்.

ஆனால் அக்கா சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஞானஸ்நானம் எடுக்கவில்லை. நற்கருணை நாளில் எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது அவர் மட்டும் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்நியமதத்துக்காரி முதல் பெஞ்சில் ஏன் உட்கார வேண்டும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அவர் காதுபட யாரும் சொன்னதில்லை. சொல்லத் தைரியம் இல்லை என்பதே சரி.

அவர் கையைப் பற்றி ஊருக்கே தெரியும். ஒருநாள் மாலை சந்தில் ஒருவன் குடித்துவிட்டுப் பெண்டாட்டியின் முடியைப் பிடித்துத் தரையோடு இழுத்துக்கொண்டு போனான். எல்லோரும் வாசலில் நின்று பார்த்தோம். நானும் மாடியிலிருந்து பார்த்தேன். அக்கா கடையிலிருந்து இறங்கி வந்தார். "விட்ரா" என்று ஒரே ஒருமுறை சொன்னார். அவன் விடவில்லை. வெட்டுக்கத்தியைத் திருப்பிப் பிடித்து அதன் முதுகால் அவன் மணிக்கட்டில் போட்டார். எலும்பு உடைந்த சத்தம் மாடிவரை கேட்டது. அவன் அலறிக்கொண்டு உட்கார்ந்தபோது அக்காவே ஆட்டோவைக் கூப்பிட்டு, அவனை உள்ளே தள்ளி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட வைத்துவிட்டு வந்தார்.

அந்த வாரம் ஆராதனை முடிந்ததும் வாசலில் கை குலுக்கிக்கொண்டிருந்த ஆயரிடம் போனார். நான் பக்கத்தில் நின்றிருந்தேன்.

"ஐயா, ஒருத்தன் கைய ஒடிச்சிட்டேன்."

ஆயர் மென்மையான மனிதர். அதிர்ந்துபோனார். "என்னம்மா இது! ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க."

"அதான் ஐயா கேக்க வந்தேன். தப்புன்னு தெரியுது. ஆனா வருத்தம் வரல. வருத்தம் வராமயே மன்னிப்புக் கேக்கலாமா?"

ஆயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கேட்டுட்டே இருங்க, வருத்தம் தானா வரும்."

"அது பொய்யி இல்லையா ஐயா?" என்றார் அக்கா. ஆயரின் சிரிப்பு நின்றுவிட்டது.

அவரிடம் இருந்த குணம் இது ஒன்றுதான். மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம். உள்ளே இல்லாததை வாயால் சொல்ல மாட்டார். மனிதர்களிடமே சொல்லாதவர், கடவுளிடம் சொல்வாரா? பரமண்டல ஜெபத்தைச் சபையோடு சத்தமாகச் சொல்லிக்கொண்டே வருவார். பிறரை நாங்கள் மன்னிப்பதுபோல் எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்ததும் வாய் மூடிக்கொள்ளும். அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார். முதல் பெஞ்சிலிருந்து அந்தக் குரல் நின்றால், கோயிலே ஒரு கணம் மூச்சுவிட மறந்ததுபோல் இருக்கும்.

ஞானஸ்நானத்துக்கு ஆயத்த வகுப்பு ஒன்று உண்டு. வெகுகாலத்துக்கு முன் அக்கா அதில் சேர்ந்தாராம். எல்லோரையும் முழுமனதோடு மன்னிக்க வேண்டும் என்று ஆயர் விளக்கிய அன்று எழுந்து, "எல்லாரையும்னா எல்லாரையுமா ஐயா?" என்று கேட்டிருக்கிறார். ஆமாம் என்றதும், "ஒருத்தன் இருக்கான் ஐயா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வருடமும் ஈஸ்டருக்கு முந்தைய தபசுகாலத்தில் ஆயர் கேட்பார். "இன்னும் ஆகல ஐயா" என்று அக்கா பதில் சொல்வார், பிரியாணி வெந்துவிட்டதா என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல.

அந்த ஒருத்தன் யார் என்று எனக்கு அவரே சொன்னார். ஒரு மத்தியானம், கடை கழுவி முடித்து, டீ குடித்துக்கொண்டிருந்தபோது.

அக்காவுக்கு ஒரே தங்கை. கட்டிக்கொடுத்த இடம் பிரேசர் டவுன் பக்கம். புருஷன் ஒருநாள் சண்டையில் மண்ணெண்ணெயை ஊற்றிக் கொளுத்திவிட்டான். தீக்காய வார்டில் தங்கை சில நாள் உயிரோடு கிடந்தாள். வாக்குமூலம் வாங்க மாஜிஸ்திரேட் வந்தபோது, கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு அவன் கதவோரம் நின்றான். ஸ்டவ் வெடித்துவிட்டது என்று அவள் சொல்லிவிட்டாள். மாஜிஸ்திரேட் போன பிறகு அக்காவைக் கூப்பிட்டு, "அவன்தான் ஊத்துனான்க்கா. பாப்பாவ வாங்கிக்கோ" என்றாள்.

"அந்த வார்டுல நாத்தம் தாங்காம சொந்தக்காரங்க ஒருத்தரும் கிட்ட வரல. கோயில்லருந்து வயசான அம்மா ஒண்ணு வரும். ஸ்பூன்ல தண்ணி ஊட்டும். கடைசிவரைக்கும் ஊட்டுச்சு. அந்தம்மா நம்புற சாமி எதுன்னு பாக்கத்தான் கோயிலுக்கு வந்தேன். வந்தா, அந்தச் சாமியும் நல்லாத்தான் இருக்காரு. இந்த ஒண்ணுதான் கேக்கறாரு, இத மட்டும்தான் கேக்கறாரு, என்னால குடுக்க முடியல."

அக்கா டீ கிளாஸை வைத்துவிட்டு எழுந்தார். "அவ சொன்ன பொய்யாலதான் அவன் தப்பிச்சான். அதுலருந்து எனக்குப் பொய்யின்னாலே ஆகாது."

குழந்தையை அக்காதான் வளர்த்தார். ரூபி என்று பெயர். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கச் சம்மதித்தவரும் அக்காதான். "அவ யாரையும் மன்னிக்க வேண்டியதில்ல, சின்னக் கொழந்த" என்றாராம். நான் பார்த்தபோது ரூபி கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மாவை எரித்தது அப்பா என்பது அவளுக்குத் தெரியும். அக்காவின் வீட்டில் எதையும் மூடி வைக்கிற பழக்கம் இல்லை.

கோயிலில் வருடத்துக்கு ஒருமுறை மூன்று மாலை கன்வென்ஷன் கூட்டம் நடக்கும். அந்த வருடம் இரண்டாம் நாள் சாட்சி சொல்ல வெளியிலிருந்து ஒரு பிரதர் வந்தார். கே.ஆர்.புரம் பக்கம் சொந்தமாக ஜெபக்கூடம் நடத்துகிறவர், வெள்ளை ஜிப்பா, நல்ல குரல். யாரோ சிபாரிசு செய்து கூட்டி வந்திருந்தார்கள். அவர் மேடை ஏறியதும் முதல் பெஞ்சில் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்ததைப் பார்த்தேன். எனக்கு விஷயம் புரியவில்லை.

பிரதர் தன் பழைய வாழ்க்கையைச் சொன்னார். குடித்தாராம், சூதாடினாராம். "என் மனைவி என் பாவத்தைத் தாங்க முடியாமல் தீக்குளித்து மரித்துப்போனாள். அந்தச் சாம்பலிலிருந்துதான் கர்த்தர் என்னை எழுப்பினார்" என்றார். சபையில் அல்லேலூயா என்று குரல்கள் எழுந்தன.

அக்கா எழுந்து மேடைக்குப் போனார். ஜெபிக்கப் போகிறார் என்று நினைத்து வழிவிட்டார்கள். பிரதர்கூடக் கை நீட்டினார். அக்கா மைக் ஸ்டாண்டைப் பிடுங்கி அதன் இரும்பு அடியால் அவர் வாயில் அடித்தார். முதல் அடியிலேயே பற்கள் தெறித்தன. இரண்டாவது அடி தாடையில். அவர் விழுந்தார். விழுந்தவர் மேல் ஏறி உட்கார்ந்து, "தீக்குளிச்சாளா? சொல்லுடா, தீக்குளிச்சாளா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். பீடத்தின் வெள்ளை விரிப்பில் ரத்தம் கோடாகப் பாய்ந்தது. நாங்கள் பலபேர் சேர்ந்து இழுத்தும் அவரை நகர்த்த முடியவில்லை. ஆயர் வந்து காதோடு, "இது ஆண்டவருடைய பீடம்மா" என்றார். அக்கா நின்றார். சுற்றிப் பார்த்தார். அப்புறம் தானே இறங்கி, தன் பெஞ்சில் போய் உட்கார்ந்து, போலீஸ் வரும்வரை அசையவில்லை.

ஸ்டேஷனில் நடந்ததுதான் விசித்திரம். கட்டுப்போட்ட வாயோடு வந்த பிரதர், தான் அந்தச் சகோதரியை மன்னித்துவிட்டதாகவும் புகார் கொடுக்க விருப்பமில்லை என்றும் எழுதிக் கொடுத்தார். இன்ஸ்பெக்டர் நிம்மதியாக, "சரி, மனெகெ ஹோகம்மா" என்று வீட்டுக்குப் போகச் சொன்னார்.

அக்கா போகவில்லை. மேஜையை ஓங்கி அடித்தார். "என் மேல கேஸ் போடுங்க சார்."

"அவரே விட்டுட்டார். உனக்கென்னம்மா?"

"அவன் என்னை மன்னிக்கிறானாம் சார்! கேஸ் போடுங்க. கோர்ட்டுல ஏன் அடிச்சன்னு என்னைக் கேப்பாங்க இல்ல? யாராவது ஒருத்தர் கேக்கணும் சார். இருபது வருசமா ஒருத்தரும் கேக்கல."

யாரும் கேஸ் போடவில்லை. கோயில் கமிட்டி கூடி, அக்கா சில மாதம் வர வேண்டாம் என்று சொல்லியனுப்பியது. ஆயர் எதிர்த்துப் பேசியும் நடக்கவில்லை. பிரதரின் வாய்க்கட்டு பிரித்த பிறகு வந்த ஞாயிறு அக்கா வழக்கம்போல் ஷட்டரை இறக்கினார். பஸ் ஏறி அவனுடைய ஜெபக்கூடத்துக்குப் போய் அங்கே முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

அங்கே அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். பிரசங்கம் தடுமாறியது. வாலண்டியர்கள் நான்கைந்து பேர் அவரை வெளியே இழுத்துப்போய் மாடிப்படியில் வைத்து அடித்தார்கள். மண்டை பிளந்தது. தையல் போட்டுக்கொண்டு அடுத்த ஞாயிறும் போனார். தலையில் கட்டோடு வந்த பெண்ணை எல்லோர் முன்னாலும் மறுபடி அடிக்க அவர்களுக்குக் கூச்சமாக இருந்திருக்க வேண்டும், விட்டுவிட்டார்கள். வாரங்கள் ஓடின. கூட்டம் குறைய ஆரம்பித்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ரூபி மாடிக்கு வந்தாள். "அண்ணா, இந்த வாரம் நானும் பெரியம்மாகூடப் போறேன். வராதன்னு திட்டுது. நீங்களும் வாங்கண்ணா, ப்ளீஸ்."

போனேன். ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடி. தகரக் கூரை, சுவரெல்லாம் ஸ்பீக்கர். ஆராதனையை நேரலையாக ஒளிபரப்ப நடுவில் கேமரா. அக்காவும் ரூபியும் முதல் வரிசையில், நான் அவர்களுக்குப் பின்னால்.

அன்று அவன் வேறு திட்டத்தோடு வந்திருந்தான் என்று நினைக்கிறேன். பிரசங்கத்தின் நடுவில், கையில் மைக்கோடு, மேடையை விட்டு இறங்கி வந்து அக்காவின் முன்னால் முழங்கால் போட்டான். கேமரா திரும்பியது. "அக்கா, என்னை மன்னியுங்கள்" என்றான். கூட்டம் உருகியது. சில பெண்கள் அழுதார்கள்.

"எதுக்கு?" என்றார் அக்கா. அந்த ஒரு சொல் மைக்கில் விழுந்து கூரைவரை கேட்டது.

"எல்லாத்துக்கும்."

"எல்லாம்னா எது?"

"நான் பாவி அக்கா."

"எல்லாரும் பாவிதான். நீ செஞ்சது எது?"

அவன் கேமராப் பக்கம் திரும்பினான். அப்போது ரூபி எழுந்து அக்காவுக்கு முன்னால் வந்தாள். அவன் நிமிர்ந்து பார்த்தான். ரூபி அப்படியே அவள் அம்மாதான் என்று அக்கா அடிக்கடி சொல்வார். அவன் முகம் போன போக்கைப் பார்த்து அது எவ்வளவு உண்மை என்று தெரிந்துகொண்டேன்.

"அப்பா, எங்கம்மா எப்படிச் செத்தாங்க?" என்றாள் ரூபி.

அந்த 'அப்பா' அவனை உடைத்துவிட்டது. மைக் கையில் இருப்பதையே மறந்துவிட்டான். "நான்தாம்மா ஊத்தினேன்" என்றான். "கதவைச் சாத்திட்டு நான்தான் கொளுத்தினேன்."

அக்கா அவன் கழுத்தில் பாய்ந்தார்.

மைக் ஸ்டாண்டால் அடித்த அன்றுகூட அவர் முகம் அப்படி இருக்கவில்லை. இரண்டு கட்டைவிரலும் அவன் தொண்டைக் குழிக்குள் புதைந்தன. அவன் தடுக்கவே இல்லை. நான் பின்னாலிருந்து தோளைச் சுற்றிக் கட்டி இழுத்தேன். என் முன்கையைக் கடித்தார், சதை பிய்ந்தது. ரூபி, "விடு பெரியம்மா, செத்துருவான், விடு" என்று அலறினாள். அவன் கண்கள் மேலே சொருகின. யாரோ இரும்பு நாற்காலியைத் தூக்கி அக்காவின் தோளில் ஓங்கி அடித்தார்கள், மறுபடியும் அடித்தார்கள். காறை எலும்பு முறிந்து வலது கை பிடி விட்டுத் தொங்கியது. இடது கையால் அப்போதும் பிடித்திருந்தார். மூன்றாவது அடிக்குத்தான் விழுந்தார்.

ஆயர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்து, ஆறுதலாகக் கேட்டார். "அவன் உண்மையச் சொல்லிட்டானேம்மா. இப்பவாவது மனசு லேசாச்சா?"

அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னார். "நானும் அப்படித்தான் ஐயா நெனச்சேன். அவன் வாயால ஒருநாள் சொல்லிட்டா, எனக்குள்ள இருக்கறது கரைஞ்சிடும்னு. கரையல ஐயா. இப்போதான் ஜாஸ்தி ஆயிருக்கு. கதவைச் சாத்திட்டுன்னு சொன்னான். அது எனக்குத் தெரியாது. அவ கதவைத் தட்டியிருப்பா இல்ல?"

வழக்கமாக ஜெபியுங்கள் என்று சொல்கிறவர் அன்று அதைச் சொல்லவில்லை. அக்காவின் நல்ல கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியலம்மா" என்றார். அவர் போதகராக இருந்து சொன்னவற்றில் அக்காவுக்குப் பிடித்தது அதுதான் என்று பின்னாளில் ரூபி சொன்னாள்.

நேரலையில் போன அந்தப் பேச்சை ஆயிரம் பேர் தங்கள் போனில் எடுத்து வைத்திருந்தார்கள். ரூபி புகார் கொடுத்தாள். பழைய வழக்கு புழுதி தட்டி எழுப்பப்பட்டது. அக்கா மேலும் கொலை முயற்சி என்று வழக்குப் பதிவானது. "இப்போதான் சரி" என்றார். அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. அவனுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. தீர்ப்பு நாளன்று அக்கா கோர்ட்டுக்கு வரவில்லை, கடையில்தான் இருந்தார். போனில் ரூபி அழுதுகொண்டே சொன்னபோது, "சரி, வந்து சாப்பிடு" என்று சொல்லி வைத்துவிட்டார். கோயிலிலும் அவரை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். ஆயர் மாற்றலாகிப் போய்ப் புதியவர் வந்தார். இன்றுவரை அக்கா ஞானஸ்நானம் எடுக்கவில்லை.

நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். அவரை நினைத்தால் ரத்தமும் கத்தியும் முதலில் வருவது உண்மை. ஆனால் அவற்றையெல்லாம் தள்ளிக்கொண்டு நிற்பது, அவன் வழக்கில் அவர் சாட்சி சொன்ன நாள்.

கோர்ட் ஹாலில் கூட்டம் அதிகமில்லை. கூண்டில் ஏறிய அக்காவிடம் குமாஸ்தா கன்னடத்தில் பெயர், வயது, தொழில் கேட்டு எழுதினார். அப்புறம், "தர்மா?" என்றார். மதம் எதுவென்று கேட்கிறார்.

அக்கா குமாஸ்தாவின் பேனாவைப் பார்த்தார்.

"ஹேளம்மா. ஹிந்துவா, கிறிஸ்டியனா?"

எதிர்த்தரப்பு வக்கீல் லேசாகச் சிரித்தார். வாராவாரம் சர்ச்சில் முதல் பெஞ்சில் உட்காருகிறவருக்கு இதற்கு இவ்வளவு யோசனையா என்று தமிழில் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். எதிரே குற்றவாளிக் கூண்டில் அவன் வேதப்புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து நின்றிருந்தான்.

"இந்துவாத்தான் பொறந்தேன் சார்" என்றார் அக்கா, கன்னடமும் தமிழுமாக. "அந்தச் சாமிங்ககிட்ட இப்போ போறதில்ல. போற சாமிகிட்ட இன்னும் சேரல. அவரு கேக்கறத நான் குடுக்கல."

குமாஸ்தா பேனாவைப் பிடித்தபடி நீதிபதியைத் திரும்பிப் பார்த்தார். நீதிபதி வயதான அம்மாள். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அப்படியானால் யார் பெயரால் சத்தியம் செய்வீர்கள்?" என்று கன்னடத்தில் கேட்டார்.

"அவரு பேராலதான் மேடம். நான் சேரலன்னாலும் அவருக்கு என்னைத் தெரியும்."

நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். மதம் எழுதுகிற இடத்தைக் காலியாக விடச் சொன்னார். எலும்பு கோணலாகச் சேர்ந்திருந்ததால் அக்காவின் வலது கை முழுதாக மேலே போகாது. இடது கையால் அதைத் தாங்கிப் பிடித்து, எவ்வளவு உயருமோ அவ்வளவு உயர்த்தி, சத்தியத்தைச் சொல்ல ஆரம்பித்தார். குமாஸ்தா வேகமாகச் சொல்லிக்கொண்டே போனார். அக்கா அவரை நிறுத்தி, மெதுவாகச் சொல்லும்படி கேட்டார். ஒவ்வொரு சொல்லையும் தன்னால் சொல்ல முடியுமா என்று பார்த்த பிறகே சொன்னார். கடைசிச் சொல்வரை ஒன்றையும் விடவில்லை.